பின்னால் ஆள் ஏறும்போது: மூன்று சக்கர ஸ்கூட்டரின் பின் சஸ்பென்ஷனை மேம்படுத்துதல்

பழவேற்காட்டில் படகு கரை சேர்ந்து மீன் ஏலம் முடிந்ததும் பெண்களுக்கு ஒரே அவசரம்தான். வெயில் ஏறுவதற்குள் கூடை சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரிக்குச் சுமார் 20 கி.மீ. சாலை. பழவேற்காடு பாலத்துக்கு அந்தப் பக்கம் லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், அரங்கங்குப்பம் என்று வரிசையாக இருக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள், அந்தச் சாலைக்கு வருவதற்கு முன்பே மணல் தெருவைத் தாண்டியாக வேண்டும். பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் காத்திருக்க முடியாத வீடுகளில், நடக்க முடியாத கணவரின் மூன்று சக்கர ஸ்கூட்டர்தான் குடும்ப வண்டி. அவர் ஓட்டுவார், மனைவி பின்னால் உட்காருவார், காலுக்கடியில் மீன் கூடை இருக்கும்.

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, இரு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இருப்பவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை வழங்குகிறது. தாங்களே ஸ்கூட்டர் வாங்கி, இருபுறமும் சக்கரம் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஊர் வழக்கில் இது மூன்று சக்கர வண்டி. எண்ணிப் பார்த்தால் முன்னால் ஒன்று, பின்னால் நடுவில் ஒன்று, அதற்கு இருபுறமும் ஒவ்வொன்று என நான்கு சக்கரம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பின் மூன்று சக்கரங்களைப் பற்றியது.

ஓட்டுநர் ஒருவர் மட்டும் போகும்போது ஒழுங்காக ஓடும் வண்டி, பின்னால் ஆள் ஏறியதும் குணம் மாறிவிடும். வேகத்தடையில் அடியில் இடிக்கும், வளைவில் ஒரு பக்கம் சாயும், மணலில் சக்கரம் சுற்றும், ஹேண்டில் லேசாகிவிடும். உடனே மெக்கானிக்கிடம் போய் "ஷாக்கை ஸ்ட்ராங்காக மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்பதுதான் வழக்கம். இந்த வண்டிக்கு அது பாதி சரி, பாதி ஆபத்து. எந்தச் சக்கரத்தின் ஷாக்கை, எவ்வளவு மாற்றுவது என்று தெரியாமல் கைவைத்தால் வண்டி முன்பைவிட மோசமாகும்.

நடுச் சக்கரமே உயிர்

எஞ்சினின் இழுவை முழுவதும் நடுச் சக்கரத்துக்கு மட்டுமே போகிறது. பின் பிரேக்கும் பெரும்பாலான வண்டிகளில் அங்கே மட்டும்தான். பக்கச் சக்கரங்கள் வண்டி விழாமல் தாங்குகின்றன, இழுப்பதுமில்லை, நிறுத்துவதுமில்லை. நடுச் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்தால் பிடிமானம் குறையும். பிடிமானம் குறைந்தால் மணலில் சக்கரம் சுற்றும், ஈரத் தார்ச்சாலையில் பின் பிரேக் வழுக்கும்.

ஆட்டோவில் நிலைமை வேறு. அங்கே பின்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களும் இழுக்கின்றன, இரண்டிலும் பிரேக் இருக்கிறது. அதனால் ஆட்டோவில் பாரம் ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங் இரண்டையும் கனமாக்கினால் இழுவைக்குக் கேடு வராது. அதே கைப்பழக்கத்தில் நல்ல ஆட்டோ மெக்கானிக் ஒருவர் உங்கள் ஸ்கூட்டரின் பக்க ஷாக் இரண்டையும் கனமாக்கிக் கொடுத்துவிடக்கூடும். வண்டி சாயாமல் நிற்கும், உங்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் பள்ளம் வந்ததும் பக்கச் சக்கரங்கள் இரண்டும் வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நடுச் சக்கரம் தொங்கிவிடும்.

நம் ஊர் மணல் தெருவில் இது அடிக்கடி நடக்கும். இரு சக்கர வண்டிகள் ஒரே தடத்தில் ஓடி ஓடி நடுவில் ஒரு வாய்க்கால் விழுந்திருக்கும். உங்கள் வண்டியின் முன் சக்கரமும் நடுச் சக்கரமும் அந்த வாய்க்காலில் இறங்கும், பக்கச் சக்கரங்கள் இரண்டு கரையிலும் ஏறி நிற்கும்.

ஒரு கணக்கு

எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் வண்டியின் எண்களை எப்படி அளப்பது என்பது 'எடை போடுதல்' பகுதியில் வருகிறது.

ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது நடுச் சக்கரத்தில் 72 கிலோ, பக்கச் சக்கரங்களில் தலா 28 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்பாரம் மொத்தம் 128 கிலோ. நடுச் சக்கரம் ஒரு செ.மீ. அமுங்க 15 கிலோ வேண்டும், பக்கச் சக்கரம் ஒவ்வொன்றும் ஒரு செ.மீ. அமுங்க 5 கிலோ வேண்டும் என்போம். மூன்றும் சேர்ந்து செ.மீ.-க்கு 25 கிலோ. பின்னால் ஏறுகிறவரால் பின்பாரம் 50 கிலோ கூடினால் வண்டி 2 செ.மீ. இறங்கும். நடுச் சக்கரத்தில் 102, பக்கங்களில் தலா 38. பின்பாரம் இப்போது 178 கிலோ.

நடுச் சக்கரம் 6 செ.மீ. ஆழமான தடத்தில் இறங்கட்டும். வண்டியின் உடல் 3.6 செ.மீ. தாழும், மீதி 2.4 செ.மீ.-க்கு நடு ஸ்பிரிங் நீளும். நடுச் சக்கரத்தின் பாரம் 102-இலிருந்து 66 கிலோவுக்குக் குறையும். இன்னும் பிடிமானம் இருக்கிறது.

இப்போது பக்க ஸ்பிரிங்கை மட்டும் மூன்று மடங்கு கனமாக்கி, தலா 15 ஆக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஏறியதும் வண்டி 1.1 செ.மீ. மட்டுமே இறங்கும். பார்ப்பதற்கு நல்ல முன்னேற்றம். நடுச் சக்கரத்தில் சுமார் 89 கிலோ. அதே 6 செ.மீ. தடத்தில் இறங்கினால் நடுச் சக்கரத்தில் மிஞ்சுவது 29 கிலோதான். 178 கிலோ பின்பாரத்தை இழுக்கவும் நிறுத்தவும் 29 கிலோ பிடிமானம் போதாது.

மூன்று ஸ்பிரிங்கையும் ஒரே விகிதத்தில், ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால், அதாவது நடுவில் 18, பக்கங்களில் தலா 6 ஆக்கினால், ஆள் ஏறும்போது இறக்கம் 1.7 செ.மீ.-க்குக் குறையும். அதே தடத்தில் நடுச் சக்கரத்தில் சுமார் 59 கிலோ நிற்கும். கனமாக்கினாலும் பிடிமானம் பெரிதாகக் கெடவில்லை.

இந்த அத்தியாயத்தின் விதி இதிலிருந்தே பிறக்கிறது. பக்கத்தை மட்டும் கனமாக்காதீர்கள். மாற்றினால் மூன்றையும் விகிதம் கெடாமல் மாற்றுங்கள். நடுவில் தொடங்குங்கள்.

முதலில் காகிதம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். இருக்கை எண்ணிக்கை 2 என்று பதிவாகியிருந்தால்தான் பின்னால் ஆளை ஏற்றலாம். 1 என்று இருந்தால், எத்தனை நல்ல ஷாக் போட்டாலும் ஆளை ஏற்றக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றியமைக்க அதே பிரிவில் வழி இருக்கிறது. பதிவு அலுவலகத்தின் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டும். 2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நடைமுறையில் இதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ஷாக்கைக் கழற்றிவிட்டு அதே வண்டிக்கான ஷாக்கை மாட்டுவது பராமரிப்பு. இணைப்புச் சக்கரக் கிட் தயாரித்தவரிடமே அதற்குரிய ஷாக் வாங்கி மாட்டுவதும் அப்படியே. சேசிஸில் துளை போடுவது, புதிதாகத் தாங்கி பற்றவைப்பது, பக்கச் சக்கரங்களின் அகலத்தைக் கூட்டுவது எல்லாம் அமைப்பு மாற்றம். அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் கைவைக்காதீர்கள். வண்டி அரசு கொடுத்ததாக இருந்தால், திருவள்ளூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் பொருத்திய மீன்பாடி வண்டிக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது. பதிவும் காப்பீடும் இல்லாத அந்த வண்டியில் ஆளை ஏற்றுவதற்கு எந்த சஸ்பென்ஷன் யோசனையும் சொல்லக் கூடாது.

எடை போடுதல்

மீன் வாங்கும் டிப்போவிலோ ஐஸ் கடையிலோ பெட்டி எடை போடும் மேடைத் தராசு இருக்கும். அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தராசின் தட்டில் ஒரு சக்கரம் மட்டும் நிற்க வேண்டும், பக்கத்துச் சக்கரம் தட்டில் படக் கூடாது. 150 கிலோவுக்கு மேல் காட்டும் தராசாக இருப்பது நல்லது.

1. மூன்று பின் டயர்களிலும் முன் டயரிலும் காற்றைச் சரியாக வையுங்கள். ஸ்கூட்டருக்கு உரிய அளவு கையேட்டிலும், பெரும்பாலும் வண்டியிலேயே ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். ஒருவர் போகும்போது ஓர் அளவு, இருவர் போகும்போது பின் டயருக்கு அதைவிடக் கூடுதல் அளவு. பக்கச் சக்கரத்துக்கு உரியதைக் கிட் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

2. சமமான சிமெண்ட் தரையில் தராசை வையுங்கள். தராசு எவ்வளவு உயரமோ அதே கனத்துக்கு மற்ற மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் பலகை அடுக்குங்கள். ஒரு சக்கரம் மட்டும் உயர்ந்து நின்றால் கணக்கு பொய்யாகும்.

3. வண்டியை மேலே ஏற்றி, பிரேக்கை விட்டு, முன்னும் பின்னும் சற்று அசைத்து, சீட்டை ஓரிரு முறை அமுக்கி விடுங்கள். ஸ்பிரிங் தன் நிலைக்கு வரும்.

4. ஓட்டுநர் வழக்கமாக உட்காரும் நிலையில் உட்காரட்டும். கைத்தடி, பை எதுவானாலும் எப்போதும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். நடு, இடம், வலம் மூன்றையும் தனித்தனியே எடை போட்டு எழுதுங்கள்.

5. பின்னால் உட்காருபவரும் கூடையும் ஏறிய பிறகு மூன்றையும் மறுபடி எடை போடுங்கள். முன் சக்கரத்தையும் இரண்டு நிலையிலும் எடை பாருங்கள்.

6. ஒவ்வொரு நிலையிலும் பின் மட்கார்டின் ஓரத்திலிருந்து சக்கர அச்சு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஓர் அளவு, ஓட்டுநருடன் ஓர் அளவு, இருவருடன் ஓர் அளவு.

இந்த எண்களைக் கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை காணலாம்.

நடுச் சக்கரம் பின்பாரத்தில் பாதியையாவது தாங்குகிறதா? இருவரும் கூடையும் ஏறிய நிலையில் பாதிக்குக் கீழே போனால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இடமும் வலமும் சமமா? ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒரு பக்க ஷாக் ஓய்ந்திருக்கிறது, அல்லது கிட் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது கூடை ஒரு பக்கமாக இருக்கிறது.

இருவரும் ஏறியபோது ஸ்பிரிங் எவ்வளவு ஓட்டத்தைச் செலவழித்துவிட்டது? மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தால் நல்லது. பாதிக்கு மேல் போயிருந்தால் பள்ளத்தில் அடியில் இடிக்கும். ஷாக் தண்டு வெளியே தெரிந்தால் அதில் ஒரு கேபிள் டை கட்டி ஓட்டிப் பாருங்கள். அடிரப்பர் வரை அது தள்ளப்பட்டிருந்தால் ஷாக் முட்டியிருக்கிறது.

முன் சக்கர எடை ஆள் ஏறியதும் குறைந்தால், பின்னால் இருப்பவர் பின் அச்சைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறார். பழவேற்காடு பாலத்தின் ஏற்றத்தில் ஹேண்டில் லேசாவது இதனால்தான். இதற்கு ஷாக் மருந்தில்லை. சீட்டில் அவர் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டும், சாய்மானத்தை முன்னால் கொண்டுவர வேண்டும், பின் கேரியரில் இருக்கும் பாரத்தைக் காலடிக்கு மாற்ற வேண்டும்.

மேம்பாடு: மூன்று படி

முதல் படி, இருப்பதைச் சீர்செய்தல். உப்புக் காற்றில் ஓடும் வண்டியில் பாதிக் குறை இங்கேயே தீர்ந்துவிடும். ஷாக்கின் மேல் கண், கீழ்க் கண் இரண்டிலும் உள்ள ரப்பர் புஷ், பக்கச் சக்கர ஆர்மின் பிவட் புஷ், சக்கர பேரிங் ஆகியவற்றைப் பாருங்கள். பக்கச் சக்கரத்தைக் கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. ஷாக் தண்டில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது, அந்த ஷாக் இனி உதவாது. சீட்டை அமுக்கிச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து ஒரே அசைவில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று தடவை குதித்தால், ஸ்பிரிங் இருக்கிறது, அடக்கும் எண்ணெய் வேலை செய்யவில்லை என்று பொருள்.

இரண்டாம் படி, ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தத்தை, மாற்றுதல். இப்போதைய பல ஸ்கூட்டர்களில் பின் ஷாக்கின் அடியில் மூன்று நிலை வளையம் இருக்கும். சி ஸ்பேனரால் திருப்பலாம். வளையத்தை உயர்த்தினால் வண்டி சற்று உயரும். ஸ்பிரிங்கின் கனம் அதே அளவுதான் இருக்கும். ஆனால் பாரப் பங்கீடு மாறும். நடு ஷாக்கின் ப்ரீலோடைக் கூட்டினாலும், பக்க ஷாக்குகளின் ப்ரீலோடைக் குறைத்தாலும் பாரம் நடுவுக்கு நகரும். பக்கத்தில் குறைப்பதானால் இருபுறமும் ஒரே அளவு குறையுங்கள். ஒரு நிலை மாற்றியதும் மறுபடி எடை போடுங்கள். வளைவில் சாய்வு அதிகமானால் பக்கத்தில் குறைத்தது போதும் என்று நிறுத்துங்கள், ஏனென்றால் சாய்வைத் தடுப்பது பக்கச் சக்கரம் மட்டுமே. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு ஒல்லியான ஒருவரைக் கூட்டிப்போகும் வண்டிக்குப் பெரும்பாலும் இந்தப் படி போதும்.

மூன்றாம் படி, ஷாக்கை மாற்றுதல். பின்னால் வருபவரும் கூடையும் சேர்ந்து தினமும் கனமாக இருந்தால் இது தேவைப்படும். வாங்கும்போது நான்கைப் பாருங்கள்.

நீளம். மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரை பழைய ஷாக் எவ்வளவோ புதியதும் அவ்வளவே இருக்க வேண்டும். நடு ஷாக் நீளமானால் வண்டி உயர்ந்து பக்கச் சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் ஆடும். பக்க ஷாக் நீளமானால் நடுச் சக்கரம் மேலே போகும்.

ஸ்பிரிங்கின் கனம். இருவர் ஏறும்போது எவ்வளவு இறங்குகிறது என்று நீங்கள் எழுதிவைத்த எண்ணை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 50 கிலோவுக்கு 2 செ.மீ. இறங்கினால் பின்பக்கம் செ.மீ.-க்கு 25 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாட்டும் இடம். பக்கச் சக்கர ஆர்மில் ஷாக் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வலு மாறும். பிவட்டிலிருந்து சக்கர அச்சு வரை 30 செ.மீ. என்றும், ஷாக் மாட்டிய இடம் 20 செ.மீ.-இல் என்றும் வைத்துக்கொண்டால், விகிதம் மூன்றில் இரண்டு. சக்கரத்தில் உணரும் கனம் அந்த விகிதத்தின் வர்க்கம், அதாவது ஒன்பதில் நான்கு. செ.மீ.-க்கு 18 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 8 கிலோவாகத்தான் வேலை செய்யும். ஷாக் சாய்வாக இருந்தால் இன்னும் குறையும். ஒரே ஷாக்கை நடுவிலும் பக்கத்திலும் மாட்டினால் ஒரே கனம் வராது என்பதை மெக்கானிக்குக்கு இந்தக் கணக்கோடு சொல்லுங்கள்.

ஜோடி. பக்க ஷாக்குகளை எப்போதும் இரண்டாகவே மாற்றுங்கள். ஒன்று புதியது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

செய்யக் கூடாதவை

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையம் கடைகளில் கிடைக்கும். அது சில சுற்றுகளை முடக்கி, மற்ற சுற்றுகளின் மேல் பாரத்தைத் தள்ளும். இடுக்கில் உப்பும் மணலும் தங்கி ஸ்பிரிங்கை அரிக்கும். வேண்டாம்.

நடுச் சக்கரத்துக்கு வலப்பக்கத்தில் இன்னொரு ஷாக் பற்றவைக்கச் சொல்வார்கள். ஸ்கூட்டரில் எஞ்சினும் பின் சக்கரமும் ஒரே கட்டாக ஆடுகின்றன. தயாரிப்பாளர் ஒரு பக்கம் மட்டும் ஷாக் வைத்த வண்டியில் மறுபக்கம் எஞ்சின் உறையில் பாரத்தைத் தொங்கவிடுவது உறை உடையக் காரணமாகும்.

சேசிஸில் பற்றவைப்பே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்துகிறது. பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அதுவும் கெடலாம்.

போல்ட் துருப்பிடிக்கிறது என்பதற்காகச் சாதாரண எவர்சில்வர் போல்ட் போடாதீர்கள். ஷாக்கும் ஆர்மும் மாட்டும் இடத்தில் தலையில் 8.8 என்று அச்சிட்ட போல்ட் இருக்கும். கடையில் கிடைக்கும் ஏ2-70 எவர்சில்வர் போல்ட் அதைவிட முன்னதாகவே நீண்டு வளையும். அதே 8.8-ஐ துத்தநாகப் பூச்சோடு வாங்கி, நைலாக் நட் போட்டு, வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

டயரின் தாங்கும் எல்லையைச் சஸ்பென்ஷன் கூட்டாது. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின் ஓர் எண் இருக்கும். 53 என்றால் 206 கிலோ, 54 என்றால் 212 கிலோ, உரிய காற்றோடு. வண்டிக்குத் தயாரிப்பாளர் சொன்ன மொத்த எடை வரம்பு அதற்கும் முன்பே வரும். கிட்டின் எடையும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும்.

உட்காருபவருக்கான ஏற்பாடு

ஷாக் மாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பக்கச் சக்கரமும் அதன் மட்கார்டும் கால் வைக்கும் இடத்தை அடைத்துவிடுவதால், பின்னால் உட்காருபவர் பல வண்டிகளில் மட்கார்டின் மேல் கால் வைக்கிறார். மட்கார்டு அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்தாங்கி, உடை சிக்காமல் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வண்டியில் உடை சிக்க மூன்று சக்கரங்கள் இருக்கின்றன. மூன்றின் உட்பக்கமும் தடுப்பு வேண்டும். கிட் கொடுத்தவரிடமே கால்தாங்கியும் தடுப்பும் கேட்டு வாங்குங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இருபுறமும் கால் போட்டு நேராக உட்காருவதே பாதுகாப்பு. ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தால் ஒரு பக்கச் சக்கரத்தின் பாரம் கூடும், நீங்கள் எடை போட்டுச் செய்த சமநிலை வீணாகும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 20 கி.மீ. தானே என்று விடாதீர்கள்.

கூடையைக் காலடியில், நடுக்கோட்டில் வையுங்கள். ஐஸ் உருகிய மீன் தண்ணீர் ஷாக்கின் மேல் சொட்டுவதுதான் இந்த வண்டிகளின் பெரிய எதிரி. மூடி போட்ட பெட்டியில், அடியில் குழாய் மாட்டி, தண்ணீர் ஸ்பிரிங்கிலும் பிரேக் டிரம்மிலும் படாத இடத்தில் விழும்படி செய்யுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் ஓட்டத்தில் மனிதரை ஏற்றாதீர்கள். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைப் பின் சீட்டில் நன்றாகக் கட்டி, ஆளில்லாத தார்ச்சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். முதலில் நேர்ச்சாலையில் பிரேக், பிறகு வேகத்தடை, பிறகு அகலமான வளைவு, கடைசியாக மணல் தெரு. பின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்து நடுச் சக்கரம் வழுக்குகிறதா என்று பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த 125 சி.சி. வரையிலான வண்டிகளில் ஒரு லீவரைப் பிடித்தால் இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு, அல்லது ஏ.பி.எஸ். கட்டாயம். கிட் மாட்டும்போது அந்தக் கேபிள் அழுந்தவோ வளையவோ செய்யாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இந்த வண்டி இரு சக்கர வண்டியைப் போல வளைவின் உட்பக்கம் சாய்ந்து திரும்பாது. ஆள் ஏறினால் பாரம் மேலே போகும், கவிழும் வேகம் குறையும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பும்போது பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள். தார்ச்சாலை ஓரத்தில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மண்ணில் இறங்கினால் ஹேண்டிலை வெடுக்கென்று திருப்பாமல், வேகத்தைக் குறைத்து மெதுவாக மேலே ஏற்றுங்கள்.

50 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள். 500 கி.மீ.-இல் இன்னொரு முறை. அப்போதே எடையும் போட்டுவிடுங்கள், புது ஸ்பிரிங் சற்று அமர்ந்திருக்கும்.

உப்போடு வாழும் வண்டிக்குப் பராமரிப்பு

சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல் என்று இருக்கும் ஊர்களில் இரும்புக்கு ஓய்வே கிடையாது. கடல் ஏறிய நாளில் சாலையில் நின்ற உப்புத் தண்ணீரில் வண்டி இறங்கியிருந்தால், அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மற்ற நாட்களில் வாரம் ஒருமுறை போதும். வாட்டர் சர்வீஸில் பேரிங், ஷாக் சீல், பெல்ட் உறை ஆகியவற்றின் மேல் நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள்.

கழுவியபின் அடியில் டீசல் அடிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. டீசல் ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கெடுக்கும். ஸ்பிரிங்குக்கும் ஆர்முக்கும் துரு தடுக்கும் மெழுகுப் பூச்சு, புஷ்ஷுக்கு சிலிக்கான் கிரீஸ் என்று தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். பக்கச் சக்கரத்துக்கு இருபுறமும் ரப்பர் சீல் உள்ள பேரிங் கேட்டு வாங்குங்கள். பிவட்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் மாதம் ஒருமுறை பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியதை ஏற்றுங்கள். ஸ்பிரிங்கில் பெயிண்ட் உரிந்து குழிக்குழியாகத் துரு தெரிந்தால் அதை மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் உடைவது அந்தக் குழியிலிருந்துதான் தொடங்கும்.

மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டிய சீட்டு

பட்டறைக்குப் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக் கையில் கொடுங்கள்:

- மூன்று பின் சக்கரங்களின் எடை, ஓட்டுநருடன், இருவருடன்
- முன் சக்கர எடை, இரண்டு நிலையிலும்
- மட்கார்டு ஓரத்திலிருந்து அச்சு வரை, மூன்று அளவுகள்
- பழைய ஷாக்குகளின் கண்ணுக்குக் கண் நீளம்
- ஆர்மின் நீளம், ஷாக் மாட்டிய இடம்
- "நடுச் சக்கரத்தில் பின்பாரத்தில் பாதி நிற்க வேண்டும். பக்கத்தை மட்டும் கனமாக்க வேண்டாம். சேசிஸில் வெல்டிங் வேண்டாம்."

இப்படி எண்ணோடு வரும் வாடிக்கையாளரை நல்ல மெக்கானிக் மதிப்பார். எண்ணைப் பார்க்க மறுத்து "எனக்குத் தெரியும், விட்டுட்டுப் போங்க" என்று சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்காரப் போகிறவர் உங்கள் கையை நம்பி ஏறுகிறார். அவரை ஏற்றுவதற்கு முன் வண்டியைத் தராசில் ஏற்றுங்கள்.